மற்றும் அறுபது பேர்

வேரோனிக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது அவளுடைய ஆங்கிலத்தால் அல்ல. நேர்முகத்துக்குப் போன அன்று, நகர ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர் கிளடிஸ் ஒரு தடித்த பழைய புத்தகத்தை மேசையில் விரித்துவைத்து, அந்தக் கையெழுத்தை வாசிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். 1906ஆம் ஆண்டின் நகரசபைக் கூட்டக் குறிப்பு அது. வேரோனிக்கா மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஏதோ ஒரு வாய்க்கால் விவகாரம். உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்வையிடும்வரை தீர்மானம் ஒத்திவைக்கப்படுகிறது என்று முடிந்திருந்தது. வாசித்துவிட்டு, கேட்காமலே, "ஒருத்தரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்" என்றாள். கிளடிஸ் பக்கங்களைப் புரட்டினார். அடுத்த கூட்டத்திலும் அதே வசனம். அதற்கடுத்த கூட்டத்திலும் அதேதான். கயானாவில் பிறந்து, முப்பது வருடம் ரொறொன்ரோவில் அலுவலகங்களோடு குப்பை கொட்டிய அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். வருகிற திங்கட்கிழமை வந்துவிடு என்றார்.

மன்னாரில் பதினேழு வருடம் சபைக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதிய கிளாக்கர் வேரோனிக்கா. கனடாவுக்கு வந்தபின் நான்கு வருடம் ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் துணி மடித்தாள். இனித் தன் பழைய தொழிலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தவளை அது தேடி வந்து பிடித்துக்கொண்டது.

1994 ஐப்பசியில் வேலை தொடங்கிற்று. ரொறொன்ரோ வளர்ந்து விழுங்குவதற்கு முன் அதன் ஓரத்தில் தனிச்சபை வைத்திருந்த ஒரு சின்ன நகரத்தின் குறிப்பேடுகள் அவை. பெயரளவில் நகரம், மாட்டை அவிழ்த்துவிடாதே என்று சட்டம் போட வேண்டிய நகரம். புத்தகங்களை வாசித்து, எந்தப் பக்கத்தில் என்ன விடயம், யார் பெயர் என்று கொம்பியூட்டரில் அடிக்கவேண்டும். அறையில் இரண்டே மேசைகள். 1904 முதல் 1910 வரை வேரோனிக்காவுக்கு. 1911 முதல் 1917 வரை சீமோனுக்கு. சீமோன் யாழ்ப்பாணத்துப் பெடியன், வயது இருபத்தெட்டு, சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தான். வேரோனிக்கா போகும் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக்குத்தான் அவனும் வருவான் என்பதால் முதல் நாளே அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

நகரசபை என்றால் பெரிய பெரிய காரியங்கள் நடக்கும் இடம் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் புத்தகங்களில் ஒன்றுமில்லை. வரி செலுத்திய பட்டியை நாய்க்குக் கட்டாதவர்கள், பனி வழிக்காத வீட்டுக்காரர்கள், குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியில் யாரோ கம்பளம் கழுவியது, பால்வண்டிகள் விடியற்காலையில் போடும் சத்தம், ஞாயிற்றுக்கிழமை ட்ராம் ஓடலாமா என்ற சண்டை. ஓர் உறுப்பினர் முன்மொழிவார், இன்னொருவர் ஆமோதிப்பார், மூன்றாமவர் வேலைக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுவார். வேரோனிக்காவுக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. சில வசனங்களைப் பாதி வாசித்ததும் மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள்.

ஹன்னா டொய்ல் என்ற பெயர் 1907ஆம் ஆண்டுப் புத்தகத்தில் வந்தது. விதவை, டன்மோர் லேன் என்ற ஒழுங்கையில் இருப்பவள். நீராவிச் சலவைச்சாலையில் வேலை செய்யும் பெண்கள் விடியுமுன் அந்த ஒழுங்கையால்தான் நடக்கிறார்கள், சேற்றில் கால் புதைகிறது, கண் தெரியவில்லை. ஆகவே ஒரு பலகை நடைபாதையும் ஒரு விளக்கும் போட்டுத் தரவேண்டும் என்று எழுதியிருந்தாள். குழுவுக்கு அனுப்பப்பட்டது. 1908இல் மறுபடி எழுதினாள். ஒழுங்கையில் உள்ள வீடுகளின் தொகை போதாது என்று பொறியியலாளர் அறிக்கை கொடுத்தார். 1909 மாசியில் இன்னொரு கடிதம். கடிதக் கோவையில் இட்டு மூடப்பட்டது.

வேரோனிக்கா பார்க்டேலில் தங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்ததும் இதைக் கணவனிடம் சொன்னாள். எட்வேட் பாண் சுடும் பேக்டரியில் காலை வேலை செய்துவிட்டு, பின்னேரம் சமைத்துவைத்துவிட்டு இருப்பான். அவனுக்கு அந்தக் கதை பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அவள் சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்பான்.

"என்னவாம், விளக்குக் குடுத்திட்டாங்களோ?"

"இன்னும் இல்லை. இண்டைக்கு முழுக்க நாய்க் கதைதான்."

தை மாதத்தில் 1910ஆம் ஆண்டுக்கு வந்தாள். பங்குனிக் கூட்டத்தில் ஒரு வரி: ஹன்னா டொய்ல் மற்றும் அறுபது பேரின் மகஜர் வாசிக்கப்பட்டது. அவ்வளவுதான். கிளடிஸ் கொடுத்திருந்த விதிப்படி, பலர் கையெழுத்திட்டுக் கேட்கும் மகஜர் என்றால் முதற்பெயரை மட்டும் அடித்தால் போதும். வேரோனிக்கா முதற்பெயரை அடித்தாள். பிறகு எழும்பிப் போய், அந்த வருடத்துக் கடிதங்கள் இருந்த பெட்டியைத் திறந்தாள்.

மகஜர் இருந்தது. நான்கு தாள்கள், நடுவில் மடிந்து மஞ்சளாகி. அறுபத்தொரு பெயர்கள். எழுதத் தெரியாத இருபத்துமூன்று பேர் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு புள்ளடிக்குப் பக்கத்திலும் வேறொரு கை அந்தப் பெண்ணின் பெயரை எழுதியிருந்தது. கை ஒன்றுதான். அநேகமாக ஹன்னா டொய்லின் கையாக இருக்கவேண்டும்.

வேரோனிக்கா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். 1982இல் மன்னாரில் கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் குழாய்த் தண்ணீர் கேட்டு ஒரு மகஜர் கொண்டுவந்தார்கள். நாற்பது கையெழுத்துக்குக் குறையாது. குறிப்பில் வேரோனிக்கா "மக்டலீன் என்பவரும் மற்றும் பிறரும்" என்று எழுதினாள். எல்லாப் பெயரையும் எழுத நேரமுமில்லை, எழுதும் வழக்கமுமில்லை. அந்தக் கடுதாசி பிறகு போரில் அழிந்த சபைக் கட்டடத்தோடு போய்விட்டது. தண்ணீர் வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரைத்தானும் நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். மக்டலீனைத் தவிர ஒருத்தியும் வரவில்லை.

மேசைக்குத் திரும்பி இரண்டாவது பெயரை அடித்தாள்.

பழைய மைக் கையெழுத்தில் பெயர்களைப் பிரித்தறிவது லேசான வேலையல்ல. ஒரு நாளுக்கு நாற்பத்தைந்து பக்கம் முடிக்கவேண்டிய இடத்தில் அன்று அவள் முடித்தது இருபத்தாறு. மறுநாள் முப்பது. வெள்ளிக்கிழமை சீமோன் கணக்குத் தாளோடு வந்து அவளுடைய மேசை விளிம்பில் குந்தினான்.

"அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ?"

அவள் தாள்களைக் காட்டினாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"எண்பத்தைஞ்சு வருசத்துக்கு முந்திச் செத்த சனம். ஆர் உதைத் தேடப்போகினம்?"

"ஒருத்தரும் தேடாயினம்."

"அப்ப ஏன் மினைக்கெடுறியள்?"

வேரோனிக்கா தாள்களை அடுக்கிவைத்தாள். தன் பக்கக் கணக்குத்தானே குறைகிறது, வேறு ஆருக்கும் அதால் நட்டமில்லை என்றாள். அப்போதுதான் அவன் விசயத்தைச் சொன்னான். கணக்கு ஆளுக்கொன்றல்ல, இரண்டு மேசைக்கும் சேர்த்து ஒன்று. சித்திரைக்குப் பிறகு வேலையை நீட்டுவதா விடுவதா என்று அந்த ஒரு தொகையை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

"நான் அம்மாவைக் கூப்பிடப் பேப்பர் போட்டிருக்கிறன். வேலை இல்லாமல் ஸ்பொன்சர் செய்யேலாது. நீங்கள் அந்தப் பொம்பிளையளின்ர பேரை அடிக்க, என்ர அம்மா கொழும்பிலை இருக்கவேண்டியதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கூடச் சுட்டது. அன்று பின்னேரம் அவன் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனான்.

திங்கட்கிழமை முதல் வேரோனிக்கா வேலை நேரத்தில் நாற்பத்தைந்து பக்கத்தைத் தவறாமல் முடித்தாள். பெயர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொண்டாள். எட்வேட் கட்டிக் கொடுத்த சோற்றைப் பின்னேர பஸ் தரிப்பிலே நின்று சாப்பிட்டாள். சுகமான காரியமல்ல, மாசி மாதம். ஒன்பதாம் நாள் அறுபத்தோராவது பெயர் உள்ளே போயிற்று. ஒரு புள்ளடிக்காரி, பிரிஜெட் என்றது தெளிவாக இருந்தது, மிச்சம் மை ஊறி அழிந்திருந்தது. "பிரிஜெட், குடும்பப் பெயர் தெளிவில்லை" என்று அடித்தாள்.

கிளடிஸ் அதை மாசிக் கடைசியில்தான் கண்டார். பக்கங்கள் கூடாமல் பதிவுகள் மட்டும் கூடியிருந்தன. கூப்பிட்டு விசாரித்தார். வேரோனிக்கா எதையும் மறைக்கவில்லை. மன்னாரில் தான் எழுதிய வரியையும் சேர்த்துச் சொன்னாள். கிளடிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதி தான் போட்டதல்ல, மேலே உள்ளவர்கள் போட்டது. மீறிய பதிவுகளை வைத்திருக்கவும் தனக்கு அதிகாரமில்லை, அழிக்கவும் மனமில்லை என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார்.

"அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று வேரோனிக்கா கேட்டாள்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்றார் கிளடிஸ்.

இரண்டு கிழமை பொறுத்து, விடயம் ஆவணக் குழுவுக்கு அனுப்பப்பட்டிருப்பதாக ஒரு துண்டுக் கடிதம் வந்தது. குழு வைகாசியில்தான் கூடுமாம்.

பங்குனி நடுவில் வேரோனிக்கா 1910ஆம் ஆண்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்துசேர்ந்தாள். டன்மோர் லேன் மகஜர், புதிய வருடத்தில் வரப்போகும் சபையின் தீர்மானத்துக்கு விடப்படுகிறது. இனி மிச்சம் சீமோனின் புத்தகத்தில் இருந்தது. அவனோ 1911ஐ எப்போதோ முடித்து 1915இல் நின்றான். சண்டைக்குப் பிறகு அவர்களுக்குள் வணக்கமும் வேலைப் பேச்சும் தவிர ஒன்றுமில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, 1911இலை டொய்ல் எண்ட பேர் வந்ததோ? ஒரு ஒழுங்கைக்கு விளக்குக் கேட்டது."

"நான் வாசிக்கிறேல்லை அக்கா. அடிக்கிறன்."

என்றாலும் கொம்பியூட்டரில் தேடிப் பார்த்தான். டொய்ல் என்ற பெயரே இல்லை. சீமோன் உதட்டைப் பிதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தான். அவளும் அந்தப் பேச்சை விட்டாள். வீட்டில் எட்வேட் கேட்டபோது, இனித் தெரியவராது என்று சொன்னாள்.

அதற்கு மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் அறைக்குத் திரும்பியபோது சீமோன் 1911ஆம் ஆண்டுப் புத்தகத்தை விரித்துவைத்து விரலால் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் திறக்காத சோற்றுப் பெட்டி.

"அக்கா, இஞ்சை வாங்கோ. உங்கடை விளக்கு."

ஆனி மாதக் கூட்டம். டன்மோர் லேனில் புதிதாக மரவாடி திறந்த வியாபாரி ஒருவர், இருட்டில் தன் குதிரைகள் தடுக்கி விழுவதாகக் கடிதம் கொடுத்திருந்தார். விளக்கு ஒன்றும் பலகைப் பாதையும் போட உத்தரவாயிற்று. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. கடிதம் கொடுத்த அதே கூட்டத்தில் முடிந்த காரியம். டொய்ல் என்ற பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

"நான்தான் இதை அடிச்சிருக்கிறன்" என்றான் சீமோன். "மரவாடி, விளக்கு எண்டு. ஒண்டும் விளங்காமல்."

வேரோனிக்கா அந்த வரியை இரண்டுதரம் வாசித்தாள். நாலு வருடம், மூன்று கடிதம், ஒரு மகஜர். அவளுக்கு அழுகை வரவில்லை. சபையில் வேலை செய்தவளுக்கு அதில் புதினமும் இல்லை. ஆனால் அன்று பின்னேரம் நாற்பத்தைந்து பக்கம் முடியவில்லை.

எட்வேட் கதையைக் கேட்டுவிட்டுக் கறிச்சட்டியை இறக்கி வைத்தான்.

"சரி, ஆர் கேட்டால் என்ன. விளக்கு விளக்குத்தானே. அந்தப் பொம்பிளையளுக்கும் வெளிச்சம் விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கும்" என்றாள்.

"பிறகேன் நீர் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருக்கிறீர்?"

அவள் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். அவன் சொன்னது பிழையென்று சொல்ல அவளுக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. சரியென்று ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் கிளடிஸ் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். வேலை நீடிக்கப்படாது. பக்கக் கணக்கில் குறையில்லை. மேலிடத்தில் இந்த வேலைக்கே இனி ஒதுக்கீடு இல்லை. சீமோன் வேரோனிக்காவைப் பார்த்தான். அவள் குனிந்திருந்தாள். வெளியே வந்ததும், "உங்களாலை இல்லை அக்கா" என்றான். மச்சான் ஒருவன் மில்லிக்கனில் கண்ணாடிக் கடை ஒன்றுக்குக் கூப்பிடுகிறான், அந்த வேலைக் கடிதத்தை அம்மாவின் பேப்பரோடு வைக்கலாம் என்று தானே தொடர்ந்து சொன்னான்.

இன்னும் எட்டு நாள் இருந்தது. வேரோனிக்கா தன் புத்தகங்களைச் சரிபார்த்துக் கட்டிவைத்தாள். சீமோன் 1916இல் நின்றான். வியாழக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிடப் போகவில்லை. ஒரு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவளுடைய மேசைக்குக் கொண்டுவந்தான். பால்வண்டி ஓட்டுபவர்கள் பதினெட்டுப் பேர் கொடுத்த மகஜர். அவன் பன்னிரண்டாவது பெயரில் விரலை வைத்திருந்தான்.

"இந்த எழுத்து 'என்' ஓ, 'யூ' ஓ?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அந்த ஆள் மற்ற இடங்களில் எழுத்தை எப்படி வளைத்திருக்கிறான் என்று ஒப்பிட்டாள்.

"யூ" என்றாள்.

அவன் போய் அடித்தான். விதியைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை.

வைகாசிக் கடைசியில் வேரோனிக்காவுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளர் கோவை அறையில் வேலை கிடைத்தது. கிளடிஸ்தான் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். அதை வாங்கப் போன அன்று, குழு கூடியதா என்று கேட்டாள். கூடியதாம். பெயர்கள் பற்றிய விடயம் நேரப் போதாமையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறதாம். தீர்மானம் வரும்வரை பதிவுகளில் ஒருவரும் கைவைக்கக் கூடாது என்று தான் எழுதி வைத்திருப்பதாகக் கிளடிஸ் சொன்னார். வேரோனிக்கா நன்றி சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஸ்ட்ரீட்காருக்கு நடந்தாள்.