வலப்பக்கம் ஏறவும்

சீன, ஜப்பான் நாடுகளின் நவீன வரலாற்றுக்குப் போகும் வழி பாளையங்கோட்டையில், ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டியிருந்த படங்களுக்குள் ஏறினால் போதும். பாடப்புத்தகம் யாரும் வாங்குவதில்லை.

முதல் படத்தில் ஷாங்காய் காலண்டர் பெண் ஒருத்தி, சுருட்டிவிட்ட முடியும் விரலிடுக்கில் சிகரெட்டுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் படத்தில் விவசாயிகள் செங்கொடிக்குக் கீழே பூசணிக்காய் அளவுத் தக்காளியைச் சுமந்தபடி சிரித்தார்கள். அதற்குள் போய்வந்தால் அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்க ஒரு வாரம் ஆகும். சாவு வீட்டுக்குப் போகவேண்டிய மாணவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, மூன்று தாள்களை ஒட்டவைத்த ஜப்பானிய மர அச்சுப் படம். வலது தாளில் துறைமுகத்துக்குள் புகை கக்கி வரும் அந்நியக் கப்பல், நடுத்தாளில் வாயுவிளக்குத் தெரு, இடது தாளில் ரயில் நிலையம். அந்த ஊர் வழக்கப்படி காலம் வலமிருந்து இடமாக ஓடியது. வலப்பக்கம் ஏறியவருக்குத் தாளுக்கு எட்டு வயது கூடும். போன வழியே திரும்பினால் வயது சரியாகிவிடும், படித்ததும் மறந்துவிடும். தேர்வு முடிவுகளும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் வந்தன.

அன்று ஜப்பான் பாடம் நடத்தும் குலசேகரன் இடப்பக்கமாக ஏறிவிட்டார். பிறந்ததிலிருந்து இடமிருந்து வலமாகவே படித்த கண் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அவர் மனைவி தில்லைநாயகியும் அதே துறைதான், சீனப் பாடம். தயிர்சாத டப்பாவைத் திறந்துவைத்துக் காத்திருந்து, இருப்புக்கொள்ளாமல் எழுந்து வந்தாள்.

"சார் இடது பக்கமால்லா ஏறுனாவ, டீச்சர்" என்றாள் காலண்டர் பெண். பல வருஷம் அந்தச் சுவரில் இருந்ததில் தமிழ் நன்றாகவே வந்தது. "விளக்குத் தெருவத் தாண்டியாச்சு. முடியெல்லாம் கறுத்துப்போச்சு."

"ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"குடுத்தேன். 'நீங்க யாரு'ன்னு என்னையே கேக்காவ."

தில்லைநாயகி படத்தின் இரண்டு ஓரத்தையும் பார்த்தாள். அவர் வலது ஓரத்தில் இறங்கிவிட்டால், கல்யாணத்துக்கு முந்தைய குலசேகரனாக மாடிப்படி இறங்கி எங்கேயாவது போய்விடுவார். பின்னாலேயே இடப்பக்கம் ஏறினால் அவளுக்கும் வருஷங்கள் உதிர்ந்துவிடும். ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேர் துறைமுகத்தில் நின்று என்ன லாபம்? வலப்பக்கம் ஏறினாள்.

கப்பலிலிருந்து இறங்கிய அந்நியனுக்கு ஒரு முழ மூக்கு. வரைந்தவர் வெள்ளைக்காரரைப் பார்த்ததேயில்லை. அந்த மூக்கை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில், மீசை சரியாக முளைக்காத குலசேகரன் நின்றான்.

"அம்மா, மாடிப்படி எந்தப் பக்கம்?" என்று அவளிடமே கேட்டான்.

அந்த 'அம்மா' சுருக்கென்று தைத்தது. அழ நேரமில்லை.

"இந்தப் பக்கம் வா தம்பி, காட்டுதேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். விளக்குத் தெருவில், கிமோனோவுக்கு மேல் கோட்டு மாட்டியவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவளுக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கியது. "ஒங்கள எங்கயோ பார்த்திருக்கேன்" என்றான் அவன். அவள் இன்னும் வேகமாக நடந்தாள். ரயில் நிலையத்தில் அந்நியரின் மூக்கு ஒழுங்கான அளவுக்கு வந்திருந்தது. கோட்டு உள்ளூர்க்காரர்களுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. இடது ஓரத்தில் கால்வைத்ததும் அவர் நின்றார்.

"ஏ தில்லை, தயிர்சாதம் புளிச்சிருக்கும்லா?"

தில்லைநாயகி ஓவென்று அழுதாள்.

வெளியே இறங்கிய பிறகுதான் அவர் அவள் தலையைப் பார்த்தார். ஒரு முடிகூடக் கறுப்பாக இல்லை.

"வந்த வழியே திரும்பிப் போயேன். வயசு எறங்கிரும்."

"ஒங்களக் கண்டுபிடிச்சது மறந்துபோகும். எனக்கு வேண்டாம்."

குலசேகரன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நானும் ஒரு நடை போயி ஒன் வயசுக்கு வந்திருதேன். நீ மட்டும் கிழவியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"வலது பக்கம்" என்றாள் அவள். "வலது பக்கமா ஏறணும், கேட்டேளா?"

"எனக்குத் தெரியாதா? நான் நடத்துற பாடம்லா."

செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக்கட்டினார், இடப்பக்கமாக ஏறிப் போனார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

தில்லைநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவர் செருப்பை ஓரமாக ஒதுக்கிவைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகி, முழங்காலைத் தடவிவிட்டபடி வலது ஓரத்துக்கு நடந்தாள்.

காலண்டர் பெண் சிகரெட்டை அணைத்துவிட்டுச் சட்டத்திலிருந்து இறங்கினாள்.

"மத்தியானக் கிளாஸ நான் பார்த்துக்கிடுதேன், டீச்சர். எதுல விட்டீங்க?"

"ஷாங்காய்ல" என்று சொல்லிவிட்டுத் தில்லைநாயகி ஏறினாள்.