பின் சக்கரத்துக்கு மேலே கனம்

வசந்தகுமாரிக்கு அன்று பந்தயத்துக்குப் போகவே மனமில்லை. வாரம் முழுக்க ரங்கத் என்ற தீவு ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமையாவது ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அவள் புருஷன் முருகானந்தமோ விடிந்ததிலிருந்து பழைய அம்பாசடருக்கு அடியில் படுத்துக் கிடந்தான்.

போன வருஷம் வரை பந்தயத்தில் ஓட்டியவன் அவன்தான். மழைக்காலத்தில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது விழுந்து இடுப்பில் அடி. அதற்கப்புறம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. "இந்த வருஷம் மட்டும் நீ ஓட்டு வசந்தா" என்று கேட்டபோது, அந்த முகத்தைப் பார்த்து அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அறுப்பு முடிந்த வயலைச் சமப்படுத்திப் போட்ட மண் தடம். ஒத்திகையில் ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடியது. அவனும் பின்பக்கத்தைத் தாங்கும் கமான் பட்டை ஒன்றைக் கழற்றிப் பார்த்தான், டயரை மாற்றிப் பார்த்தான், கடைசியில் டிக்கி நிறைய மணல் மூட்டையை அடுக்கினான். ஒவ்வொரு தடவையும் அவள் ஓட்டிவிட்டு இறங்குவாள்.

"இப்ப?"

"இப்பவும் போகுது."

எப்படிப் போகிறது என்று அவன் கேட்டதே இல்லை.

அன்று காலையில் அவளே சொன்னாள். "மூட்டையை டிக்கியில வைக்காதீங்க. சக்கரத்துக்கும் பின்னால கனம் கெடந்தா, வளைவுல அதுவே வண்டியை வெளிய இழுத்துட்டுப் போயிடுது. பெரிய பசங்க பூரா கடைசி சீட்டுல ஏறுனா என் வேனும் இப்படித்தான் ஆட்டும். பின் சீட்டு இருந்த எடத்துல, சக்கரத்துக்கு நேரா வைங்க."

"எத்தனை வருஷமா வண்டி பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். காலையில் ஒரு பந்தயம், மதியம் ஒரு பந்தயம்.

காலைப் பந்தயத்தில் இரண்டாவது வளைவிலேயே வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்று அணைந்துபோனது. மற்ற வண்டிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு கடந்தன. "மேடம் கர் வாபஸ் ஜா ரஹீ ஹை!" என்று மைக்கில் ஒருவன் இந்தியில் கத்த, கூட்டம் சிரித்தது. வீட்டுக்குத் திரும்புகிறாளாம். நிஜமாகவே திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடி ஸ்டார்ட் செய்து கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள்.

முருகானந்தம் ஓடி வந்தான். "என்னாச்சு?"

"காலையில நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் டிக்கியைத் திறந்தான். ஒரு மூட்டையைத் தூக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அவளே இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக எல்லாவற்றையும் பின் சீட்டு இருந்த இடத்துக்கு இழுத்து, கயிறு போட்டு இறுக்கினார்கள்.

"எந்த எடத்துல வழுக்குது? வளைவுக்குள்ள போறப்பவா, வெளிய வர்றப்பவா?" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வெளிய வர்றப்ப. ஆக்ஸிலேட்டரை மிதிச்ச ஒடனே."

"அப்ப பின் டயருல இன்னும் கொஞ்சம் காத்தை எறக்குறேன். நீயும் ஒரேயடியா மிதிக்காம, கொஞ்சங்கொஞ்சமா குடு."

மதியம் அதே வளைவு வந்தது. மெதுவாக மிதித்தாள். பின் சக்கரங்கள் லேசாக நழுவின. பிறகு மண்ணைக் கவ்விக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளின. மூன்றாவதாக வந்தாள். மைக் பிடித்தவன் இப்போது அவள் பெயரைச் சொல்லிக் கூவினான். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கையைத் தூக்கிக் காட்டக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லை.

வண்டி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தவளுக்கு அவன் டீ வாங்கி வந்தான். தடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அடுத்த வருஷம் இதே மாதிரி..."

"அடுத்த வருஷம் வேற ஆளைப் பாருங்க. எனக்கு ஞாயித்துக்கெழம வேணும்."

அவன் மெல்லத் தலையாட்டினான். அவள் கண்ணை மூடியபோது, அவிழ்க்கச் சொல்லாமலே அவளது ஷூவின் முடிச்சை அவன் குனிய முடியாமல் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான்.