பேனல் மேல் எழுதிய பெயர்கள்

"டீச்சர், சூரியனுக்கு யாரு உபயம்?"

இரண்டாண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. நிலக்கோட்டைச் சாலையில், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில் வியப்பில்லை. அங்கே ஒவ்வொரு டியூப்லைட்டின் மேலும் 'உபயம்' என்று ஒரு பெயர் இருக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று பெயர்கள். குடிநீர்க் குழாய்க்கு மேலே ஒரு குடும்பமே வரிசையாக நிற்கும்.

"கடவுள்தான்மா" என்றார் தலைமையாசிரியை கௌசல்யா.

"அப்ப ஏன் அவரு பேரு எழுதல?"

வகுப்பு சிரித்தது. கௌசல்யாவும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போனார். சில கேள்விகளை நாம் இப்படிச் சிரித்தே கடந்துவிடுகிறோம்.

அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத குறை ஒன்று இருந்தது. மாணவிகளின் கழிப்பறையில் தண்ணீர் வராது. பகலில் மின்னழுத்தம் குறைந்து, மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோகும். அதனால் பெண்பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். காலையில் நிரப்பிக் கொண்டுவரும் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பிப் போகும்.

ஒன்பதாம் வகுப்பு பவித்ரா ஒருநாள் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர்.

"ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டியா?"

"குடிச்சா போகணும்ல டாக்டர்."

உடன் வந்திருந்த கௌசல்யாவால் அந்தப் பதிலை மறக்க முடியவில்லை. மோட்டாரைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டலாம் என்று அறிந்து, வீடு வீடாக ஏறி இறங்கினார். எட்டுப் பேர் ஆளுக்கொரு சோலார் பேனல் தர ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் முதலாமவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பொன்னுத்துரை. நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை வைத்திருப்பவர். கெட்டவர் அல்ல. கோயில் அன்னதானமோ, ஏழை வீட்டுக் கல்யாணமோ, கேட்டவருக்கு இல்லையென்று சொல்லமாட்டார். ஆனால் தன் பெயர் எங்கே வரும் என்று கேட்காமல் எதையும் கொடுக்கவும் மாட்டார்.

பேனல்கள் பொருத்திய அன்று வெயில் ஏறியதும் மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பி வழிந்தது. பவித்ரா இடைவேளையில் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அந்தச் சந்தோஷம் நான்கு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள், திறப்பு விழாவுக்கு முன் பெயின்டர் ஏணியோடு வந்து நின்றார். பேனல்களைப் பொருத்திய ஆனந்த்ராஜ் பதறிப்போனான்.

"அண்ணே, கண்ணாடி மேல எழுதாதீங்கண்ணே. வெயில் படுற எடம் அது. ஒண்ண மறைச்சாலும் மொத்த வரிசைக்கும் கரண்டு கொறையும். செவுத்துல எழுதிக்கங்க."

"செவுத்துல எழுத நான் என்ன செங்கலா குடுத்தேன்?" என்றார் பொன்னுத்துரை.

"பேனலு வானத்தப் பாத்துல கெடக்கு. பேர யாருண்ணே படிப்பா, காக்காயா?"

"ஏலே, விழாவுக்கு டிரோன் வருது. மேல இருந்து போட்டோ எடுக்கையில பேரு தெரிய வேணாமா? பேர மறைச்சுக்கிட்டுக் குடுக்க நான் என்ன களவாணியா?"

ஆனந்த்ராஜ் கௌசல்யாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். அடுத்த ஆண்டு சுற்றுச்சுவருக்கும் இவர்களிடம்தானே போய் நிற்க வேண்டும்?

வெள்ளை எனாமலில் பெயர்கள் ஏறின. ஒருவரின் எழுத்து பெரிதாகிவிட்டதென்று அடுத்தவர் தன் பட்டத்தையும் சேர்த்தார். இன்னொருவர் தகப்பனார் பெயரையும் மகன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். டிரோன் எடுத்த படம் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வந்தது. மறுநாளிலிருந்து மோட்டார் முனகியது. தண்ணீர் தொட்டிவரை ஏறவில்லை.

"பெயின்ட் கரைக்கிற தின்னர் வச்சுத் தொடச்சா போயிரும் டீச்சர்" என்றான் ஆனந்த்ராஜ். கௌசல்யா எட்டுப் பேரிடமும் தனித்தனியே கேட்டுப் பார்த்தார். எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மொதல்ல அவரு பேர அழிக்கச் சொல்லுங்க."

மாதங்கள் போயின. பவித்ரா மறுபடி விழுந்தாள். தொற்று சிறுநீரகம்வரை போய்விட்டது. திண்டுக்கல் மருத்துவமனையில் பத்து நாள் படுத்திருந்தாள். அவளுடைய அம்மா ஜக்கம்மாள் பள்ளிக்கு வந்தாள். சண்டை போடவில்லை, அழவுமில்லை.

"எங்கூட பூவெடுக்க வரட்டும் டீச்சர். தோட்டத்துல ஒதுங்குறதுக்கு ஒரு வேலியோரமாச்சும் இருக்கு."

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, பொன்னுத்துரையின் கடைக்குப் பூ மூட்டையோடு ஒரு பெண் வந்தாள். பாவாடைக்கு மேல் பள்ளிச் சட்டை போட்டிருந்தாள்.

"ஏத்தா, நீ ஜக்கம்மா மகதான? பள்ளிக்கூடம் லீவா?"

"நான் நின்னுட்டேன் மொதலாளி. அங்க தண்ணி வரல."

"அதுக்குத்தான சோலார் போட்டுக் குடுத்தோம்?"

"ஆமா மொதலாளி. வெயிலு பூராம் உங்க பேரு மேலயே விழுந்துருது. மோட்டாருக்கு மிச்சமில்ல."

அவள் குத்திக்காட்டவில்லை. நடப்பதைச் சொன்னாள், அவ்வளவுதான். பொன்னுத்துரையின் கை தராசிலேயே நின்றது.

"நாளைக்கே தண்ணி வந்துட்டா வருவியாத்தா?"

"எனக்குப் படிப்பு போயிருச்சு மொதலாளி. தங்கச்சி இந்த வருசம் ஆறாவது சேந்துருக்கா. அவளும் இப்பக் காலையில டம்ளர நீட்டுனா வாயத் தெறக்க மாட்டேங்கிறா."

அவள் போன பிறகும் பொன்னுத்துரையால் எடை போட முடியவில்லை. கொடுப்பது நல்லதுதான். ஆனால் கொடுத்த பொருளின் மேலேயே நாம் ஏறி நின்றுகொண்டால், அது யாருக்காகக் கொடுத்தோமோ அவரிடம் போய்ச் சேராது. கடவுள் கொடுக்கிற வெயிலில் அவர் பெயர் இல்லை. அதனால்தான் அது எல்லோர் வீட்டிலும் விழுகிறது. இதைப் புரிந்துகொள்ள பொன்னுத்துரைக்கு ஒரு பிள்ளையின் படிப்பு போக வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உச்சிவெயிலில், செல்போனைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்து, தன்னிடமிருந்த சாவியால் பள்ளி வாசலைத் திறந்தார். ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினார். பழைய வேட்டித் துணியைத் தின்னரில் நனைத்து முதலில் தன் பெயரைத் துடைத்தார். பிறகு மற்ற ஏழு பெயர்களையும் துடைத்தார். நாளைக்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். கண்ணாடி சுட்டு உள்ளங்கை கொப்பளித்தது. கடைசி எழுத்து கரையும் முன்பே மோட்டாரின் முனகல் நின்று, சீரான சத்தம் எழுந்தது. தொட்டிக்குள் தண்ணீர் விழுந்தது.

அவர் இறங்கி மாணவிகளின் கழிப்பறைக்குப் போனார். தரை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, விளக்குமாற்றை எடுத்தார். வாளி வாளியாக ஊற்றி, நான்கு அறைகளையும் தேய்த்துக் கழுவினார். வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்தார். குழாயை இறுக மூடி, வெளிவாசலைப் பூட்டிக்கொண்டு போனார்.