இரும்பு மட்டை

மட்டை மண்ணைத் தொடுவதற்கு முன்பே முத்துக்கிருஷ்ணனின் மணிக்கட்டு இளகிவிடும். பந்தின் தலையை உரசிக்கொண்டு மட்டை மேலே போகும். பந்து கொஞ்சம் உருண்டு நின்றுவிடும். மதுரையில் வலை கட்டி கோல்ஃப் பழக்கும் இராமகிருஷ்ணன் மாதக்கணக்கில் ஒன்றையே சொன்னார். பந்தோடு சேர்த்து மண்ணையும் வெட்ட வேண்டும். இரும்பு மட்டை அதற்குத்தான்.

அதுதான் முடியவில்லை. திருத்தங்கல் ரோட்டில் அப்பா தொடங்கிய பட்டாசு ஆலையில் வளர்ந்தவர் முத்துக்கிருஷ்ணன். உரசினால் பொறி பறக்கும் என்று மருந்து அறைக்குள் இரும்பு போகாது. பித்தளைக் கரண்டி, மரச்சுத்தி, அவ்வளவுதான். சிறுவயதில் ஓர் ஆணியைத் தரையில் தவறவிட்டதற்கு அப்பா அறைந்த அறையில் காது இரைந்தது. இரும்பு தரையை நெருங்கினால் கை தானாகவே அடங்கிவிடும்.

ஆனால் மே மாதம் கொடைக்கானல் போயாக வேண்டும். இந்தூர் மொத்த வியாபாரி அகர்வால் சீசன் ஆர்டரை அங்கே கோல்ஃப் மைதானத்தில் நடந்தபடிதான் பேசி முடிப்பார், கூட ஆடுகிறவர்களோடு மட்டும். போன வருடம் ஓட்டலில் காத்திருந்துவிட்டு முத்துக்கிருஷ்ணன் வெறுங்கையோடு திரும்பினார். ஆலையில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. இந்த வருடமும் ஆர்டர் இல்லையென்றால் மீதியையும் பூட்ட வேண்டியதுதான்.

மச்சான் தனுஷ்கோடி ஒருநாள் மதுரைக்குக் கூட வந்து பார்த்தார்.

"அடிக்கச் சொன்னா தடவிக் குடுக்கீகளே மாப்ள. அதென்ன கன்னுக்குட்டியா?"

பிறகு முத்துக்கிருஷ்ணனுக்கே ஒரு வழி தோன்றியது. பழைய சாமான் கடையொன்றில் மரத்தலை வைத்த மட்டை வாங்கினார். பந்து பறந்தது. தூரத்துக்கு அது போதும், குழிக்குப் பக்கத்தில் போனால் இரும்பைத்தான் எடுக்க வேண்டும் என்றார் இராமகிருஷ்ணன். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முத்துக்கிருஷ்ணன் விட்டுவிட்டார்.

கொடைக்கானலில் முதல் அடியைப் பார்த்து அகர்வால் கைதட்டினார். கூடவே நடந்தார். பூச்சட்டி எத்தனை லோடு தர முடியும், எப்போது ஏற்றலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். விலைக்கு வந்தபோது பந்து கிடந்த இடத்தை அடைந்துவிட்டார்கள். முன்னால் ஓர் ஓடை. அதைத் தாண்டினால் குழியில் நட்ட கொடி. மர மட்டையால் அடித்தால் பந்து கொடியைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விடும்.

இரும்பை எடுத்தார். பந்து உருண்டு ஓடைக்குள் விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் விழுந்தது. அடுத்ததும். அகர்வால் முகத்தில் எரிச்சல் இல்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட ஆட வந்திருந்த இன்னொரு பட்டாசு ஆலைக்காரர், சிவகாசி ராஜபாண்டியன், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, போதும், எடுத்துட்டு வாங்க. பின்னால ஆளு நிக்காக."

ராஜபாண்டியன் அடித்த பந்து ஓடையைத் தாண்டிக் கொடியருகே விழுந்தது. அவர் மட்டை பட்ட இடத்தில் புல்லோடு ஒரு துண்டு மண் பெயர்ந்து கிடந்தது. அகர்வாலும் அவரும் சின்னப் பாலத்தைக் கடந்து போனார்கள். விட்ட இடத்திலிருந்து விலைப் பேச்சு தொடர்ந்தது.

பின்னால் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு முத்துக்கிருஷ்ணன் ஒதுங்கி நின்றார். அவர்களும் போன பிறகு பந்தே வைக்காமல் ஒருமுறை ஓங்கினார். காலையில் பெய்த மழையில் தரை ஊறிக் கிடந்தது. தீப்பிடிக்க அங்கே எதுவும் இல்லை. மணிக்கட்டு இளகியது. மட்டை புல்லின் நுனியைத் தடவிக்கொண்டு மேலே போனது.

போன் அடித்தது. மனைவி சுப்புலட்சுமி.

"பேசிட்டீகளா?"

அக்கரையில் அகர்வால் ராஜபாண்டியன் தோளில் கை போட்டிருந்தார்.

"பேசிக்கிட்டிருக்காக" என்றார்.