ஒன்பதாவது அறை

ஆறாவது அறை கன்னத்தில் விழுந்ததும் சின்னவளின் இடது காதுக்குள் ஏதோ பொட்டென்று தெறித்தது.

"கட்!" என்றார் இயக்குநர். "கண்ணுல பயம் பத்தலம்மா. இன்னொரு தடவை போலாம்."

மூன்று வருடம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவளுக்கு, வசனம் உள்ள முதல் வேடம் இது. சமையலறையில் கணவனிடம் அடி வாங்கும் மனைவி. கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளிக் கை நின்றுவிட வேண்டும்; சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஒத்திகையில் நாயகன் அப்படித்தான் செய்தான். கேமரா ஓடியதும் கை நிற்கவில்லை.

"நேத்து கேரவனுக்குக் கூப்பிட்டப்ப வந்திருக்கலாம்ல?" என்று அவள் முகத்தருகே குனிந்து சிரித்தான்.

அந்தப் படத்தில் மேக்கப் போடுபவள் அவளுடைய அக்கா. விரல் தடங்களின் மேல் பூச்சை ஒற்றி ஒற்றி மறைத்தாள்.

"அக்கா, காது கேக்கலக்கா."

"பல்லக் கடிச்சுக்கிட்டு இன்னும் ஒண்ணு தாங்கிக்கடி. இந்த வேஷத்துக்காக எத்தன பேரு கால்ல விழுந்தேன் தெரியுமா?" அக்கா பூசுவதை நிறுத்தவில்லை.

ஒன்பதாவது அறையில் சின்னவள் அடுப்பு மேடையில் போய் மோதினாள். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அதோடு விடாமல் அவன் வயிற்றில் எட்டி உதைத்தான். அது கதையிலேயே இல்லை. "கட்" சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அட்டையால் செய்த அந்தச் சமையலறையில் இரும்பு வாணலி மட்டும் நிஜம். அது அவள் கைக்குக் கிடைத்தது. எழுந்த வேகத்தில் வீசினாள். அவன் மூக்கெலும்பு முறிந்த சத்தம் விளக்குக்காரர் வரைக்கும் கேட்டது.

அவனுடைய காவலாட்கள் இருவர் பாய்ந்தார்கள். ஒருவன் கூந்தலைப் பிடித்துத் தரையில் இழுத்தான். மற்றவன் வாணலி பிடித்த கையைப் பூட்ஸ் காலால் நசுக்கினான்.

"விடுடா அவள!"

அக்காதான். முடி வெட்டும் கத்தரிக்கோல் கூந்தலைப் பிடித்தவனின் முன்கையில் பாதிவரை இறங்கியிருந்தது.

போலீஸ் வரவில்லை. ஒரு பெண் மூக்கை உடைத்துவிட்டாள் என்று வெளியே சொல்ல நாயகனுக்கு மனம் வரவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் செய்தி கொடுத்தான். சின்னவளுக்குச் செவிப்பறை கிழிந்து, இரண்டு விரல்கள் முறிந்திருந்தன. அக்காவை அதன்பிறகு எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

நாற்பதாவது நாள் ஒரு புது இயக்குநர் போன் செய்தார். யாரோ செல்போனில் எடுத்த வாணலிக் காட்சி அவர் கண்ணில் பட்டிருந்தது. அதே மாதிரி ஒரு வேடமாம். பெரிய வேடம்.

"வேணாம்டி," என்றாள் அக்கா. "என் கடையிலயே ஆள் கேக்குறாங்க."

"நான் போறேன்க்கா."

"இவ்வளவு பட்டும் ஆச விடலியா?"

"விடல. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா விடல."

அக்கா தன் பூச்சு டப்பாவை எடுத்து அவள் முன் வைத்தாள். "அப்ப நீயே போட்டுக்க. உன் காயத்து மேல இனி நான் பூச மாட்டேன்."

சின்னவள் கண்ணாடி முன் உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரல்களால் பூச்சு டப்பாவைத் திறக்கப் பார்த்தாள். மூடி வழுக்கியது. நாலாம் தடவை பல்லால் கடித்துத் திறந்தாள். அதற்குள் அக்கா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.