குடுக்கையில் சேர்த்த மத்தியானங்கள்

ஆஷ்லி ஆற்றங்கரை நெல்வயல்களில் வேலை செய்த ஹவா, தனக்கு மிஞ்சிய மத்தியானங்களைச் சுரைக்குடுக்கையில் சேர்த்து வைத்தாள். மற்றவர்கள் கோழி வளர்த்தார்கள், கிழங்கு போட்டார்கள், ஆற்றில் தூண்டில் போட்டார்கள். அவள் பொழுதைச் சேர்த்தாள். தன் பங்கு நிலத்தைக் கொத்தி முடித்ததும் வரப்பில் உட்கார்ந்து குடுக்கையின் வாயைத் திறந்து பிடிப்பாள். வெயில் நெய் இறங்குவதுபோல் நிதானமாக உள்ளே இறங்கும். நிரம்பியதும் சோளத் தக்கையால் அடைத்துவிடுவாள். உடனே அவளைச் சுற்றி மட்டும் அந்தி வந்துவிடும். பக்கத்து வயலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டப்பகலில் அவள் குடிசைக்கு உப்புக் கடன் கேட்டு வருகிறவர்கள் கையில் பந்தத்தோடு வருவார்கள், அவ்வளவுதான்.

மிச்சப் பொழுது என்று ஒன்று இருந்ததே கரோலினாவின் தாழ்நிலத்தில்தான். அங்கே நடந்தது அளவு வேலை. ஆளுக்குக் கால் ஏக்கர் என்று கங்காணி கோல் பிடித்து அளந்துவிடுவான். அதை முடித்தால் மீதி நேரம் முடித்தவருக்கு. இது துரைமார்களின் தாராள மனசால் வந்தது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். நெல்லை எப்படி விதைப்பது, மடையை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்களோடு கொண்டுவந்தவர்கள் அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட இந்த மக்கள். துரைமார்களோ வெயில் ஏறியதும் காய்ச்சலுக்குப் பயந்து சார்ல்ஸ் டவுனுக்கு ஓடிவிடுகிறவர்கள். அளவைக் கூட்டிப் பார்த்த வருஷங்களில் மண்வெட்டிக் காம்புகள் தாமாக ஒடிந்தன, மடைகள் தாமாகத் திறந்துகொண்டன. அடித்தும் பார்த்தார்கள், ஒடிவது நிற்கவில்லை. கடைசியில் அளவு அளவாகவே நின்று வழக்கமாகிவிட்டது. அந்தச் சேறு தின்ற உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆள் சாகச் சாகக் கப்பலில் புது ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் அளவு முடித்தவளை மறுபடி வேலைக்குக் கூப்பிடும் வழக்கம் மட்டும் அந்தச் சீமையில் இல்லை. பெரிய துரையே கூப்பிட மாட்டார்.

வர்ஜீனியாப் புகையிலைக் காட்டிலிருந்து விற்கப்பட்டு வந்த ஐசக்குக்கு இதெல்லாம் தெரியாது. அங்கே அளவும் கிடையாது, மிச்சமும் கிடையாது. விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை எல்லோரும் ஒரே வரிசையாக, முன்னால் போகிறவன் வேகத்துக்குக் கொத்திக்கொண்டு போகவேண்டும். முதுகுக்குப் பின்னால் சாட்டையோடு ஒரு சின்னத் துரை வருவான். ஐசக்கின் அப்பனும் பாட்டனும் அந்த வரிசையில் பிறந்து அந்த வரிசையிலேயே செத்தவர்கள். ஆகவே கரோலினாவுக்கு வந்த முதல் நாள், உச்சி சாய்ந்த கொஞ்ச நேரத்தில் தன் அளவை முடித்தவன், நிறுத்தத் தெரியாமல் அடுத்த கட்டத்தில் இறங்கிக் கொத்த ஆரம்பித்தான். வயல் முழுக்க வேலை நின்றுபோனது.

“யோவ் வர்ஜீனியா! உன் அளவு முடிஞ்சுபோச்சு, கைய எடுய்யா!” என்று கங்காணி மிங்கோ கத்தினான். கங்காணி என்றாலும் அவனும் இவர்களில் ஒருவன்தான்.

“சூரியன் இன்னும் நிக்குதேண்ணே?”

“நின்னுட்டுப் போகட்டும். அது என்ன உன் மாமனா, மச்சானா?”

“இந்தப் புண்ணியவான் கொத்துற கொத்துல நாளைக்கு எல்லாருக்கும் அளவக் கூட்டிருவானுங்க,” என்றாள் ஹவா. “வந்து உக்காருய்யா. உக்காரக்கூடத் தெரியாதா உனக்கு?”

உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்தான், கை மட்டும் கொத்திக்கொண்டே இருந்தது. ஹவா குடுக்கையைத் திறந்து காட்டியபோது உள்ளே அவனுக்குத் தெரிந்தது வெறும் இருட்டு. தனக்கென்று ஒரு பொழுது உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத கண்ணுக்கு அந்த வெளிச்சம் படாது. அதைப் பார்த்துப் பழக அவனுக்குச் சில அறுவடைகள் ஆயின. ஒருநாள் குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தவன் கண் கூசித் தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த வருஷமே இருவரும் ஒரே குடிசைக்குக் குடிபோனார்கள்.

மகள் பிண்டா பிறந்த பிறகு ஹவாவின் சேமிப்பு கடுமையானது. முன்பெல்லாம் மழைக்காலத்தில் மீன் காயவைக்க யாராவது கேட்டால் ஒரு மத்தியானம் கொடுப்பாள். அதன் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. தகப்பன் யாராக இருந்தாலும் பிள்ளை தாயின் துரைக்கே சொந்தம் என்பது வர்ஜீனியாவிலும் சட்டம், கரோலினாவிலும் சட்டம். வேலை வாங்கும் விதம் மாறினாலும் அதில் மட்டும் துரைமார்கள் ஒரே வாயாகப் பேசினார்கள். என்றைக்காவது இந்தப் பெண்ணைக் கேட்டு ஆள் வரும் என்று ஹவாவுக்குத் தெரியும். குடிசையின் கூரையிலிருந்து குடுக்கைகள் தொங்கின. ஐசக்கின் மிச்சப் பொழுதும் குடுக்கைக்கே போனது. தோட்டம் போடாததால் மூவரும் வெறும் நொய்க்கஞ்சி குடித்தார்கள்.

பிண்டா வளர்ந்து தாயின் தோளுக்கு வந்தபோது பெரிய துரையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வடக்கே நியூபோர்ட்டில் கப்பல் வைத்திருப்பவர். சீர்வரிசையில் வெள்ளிக் கரண்டிகளுக்கு அடுத்தபடியாக பிண்டாவின் பெயரையும் சேர்த்தார்கள். மாப்பிள்ளையோடு வந்திருந்த வேலையாள் பாம்பி, நல்ல சட்டையும் பித்தளைப் பொத்தானும் போட்டவன், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஹவாவிடம் வந்தான்.

“பயப்படாதக்கா. அங்க சேறு இல்ல, காய்ச்சல் இல்ல. அவங்க சாப்புடுற ரொட்டியத்தான் நாங்களும் சாப்புடுறோம். ஒரே வீடு, ஒரே அடுப்பு.”

“வேலை முடிஞ்சா?”

“முடியுறதுன்னு எங்க இருக்கு? மணி அடிச்சா ஓடணும்.”

“அந்த வீட்டுல நம்ம ஆளுக எத்தன பேரு?”

“நான்தான்.”

“பேச்சுத் துணைக்கு?”

பாம்பி தன் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். “ஞாயித்துக்கிழம கோயில் மாடியில மத்த வீட்டு ஆளுங்கள உக்கார வைப்பாங்க. மூஞ்சியப் பாத்துக்கலாம்,” என்றான். பிறகு, “அவ சின்னப் புள்ளக்கா, அனுப்பாத,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ஹவா கூரையில் தொங்கிய குடுக்கைகளை எண்ணினாள். வர்ஜீனியாவில் ஆளுக்கு மிச்சப் பொழுது இல்லை என்றால், நியூபோர்ட்டில் ஆளுக்கு ஆளே இல்லை. தெற்கே ஃப்ளோரிடாவில் ஸ்பெயின் தேசத்து அரசர், ஆங்கிலேயரிடமிருந்து தப்பி வருகிற அடிமைகளை விடுவிக்கிறார் என்ற செய்தி எல்லா நெல்வயல்களிலும் நடமாடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மூவரும் தங்கள் அளவை ஒழுங்காக முடித்தார்கள். குடுக்கைகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சதுப்புக் காட்டில் இறங்கினார்கள். மிங்கோ அவர்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு மண்வெட்டியை எண்ணப் போய்விட்டான்.

ஞாயிறு வேலையில்லாத நாள். திங்கட்கிழமைதான் தேடத் தொடங்கினார்கள். தேடும் கூட்டத்துக்குத் தலைவன் புதுச் சின்னத் துரை கிரிம்ஸ், வர்ஜீனியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவன். அளவு என்ற பேச்சைக் கேட்டாலே எரிந்துவிழுகிறவன். மற்றவர்களெல்லாம் உள்ளூர்க்காரர்கள், நாய்களும் உள்ளூர் நாய்கள். சவான்னா ஆற்றைத் தாண்டியபின் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் நாய்ச் சத்தம் கிட்டத்தில் கேட்டது.

“அம்மா, வந்துட்டாங்க!”

“வரட்டும். நீ முன்னால பாத்து நட.”

ஹவா முதல் குடுக்கையின் தக்கையைப் பிடுங்கினாள். சதுப்பு முழுவதும் மத்தியானம் கொட்டியது. வேர்களுக்கு நடுவே எங்கே கால் வைப்பது, எங்கே முதலை படுத்திருக்கிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் வந்த உள்ளூர்க்காரர்கள் அந்த வெயிலின் விளிம்பில், அடுத்தவர் வேலி குறுக்கிட்டதுபோல், தயங்கி நின்றார்கள். நாய்கள் முன்னங்காலில் தலையை வைத்துப் படுத்துவிட்டன.

“ஏன்டா நிக்கிறீங்க?” என்று கிரிம்ஸ் கத்தினான்.

“அது அவ பொழுதுங்க. அளவு முடிச்சுட்டுல்ல போறா,” என்றான் ஒருவன். “எப்படிக் கூப்புடுறது?”

“என்னடா பொழுது? கண்ணு தெரியாத இருட்டா இருக்கு!”

அவனுக்கு இருட்டாகத்தான் இருந்தது. அடிமைக்கென்று ஒரு பொழுது உண்டு என்பதை அவன் ஆயுளில் ஒப்புக்கொண்டதில்லை. அந்தக் கொதிக்கிற வெயிலில் தட்டுத் தடுமாறி, ஒரு மரத்தில் நெற்றியை மோதி, அடுத்த அடியில் மார்பளவு சேற்றில் இறங்கினான். மற்றவர்கள் கயிறு போட்டு அவனை இழுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சேற்றில் ஒரு பூட்ஸை விட்டதைத்தான் அவன் கடைசிவரை பெரிய நஷ்டமாகச் சொன்னான்.

மூவரும் குடுக்கை குடுக்கையாகத் திறந்துகொண்டு தெற்கே நடந்தார்கள். ஒரு மத்தியானம் தீர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். அவர்களுக்கு இரவே இல்லை. நிற்கவும் தைரியமில்லை. பிண்டா தூக்கம் தூக்கம் என்று அழுதாள், நடந்தபடியே கண்ணயர்ந்து விழுந்தாள். ஐசக் அவளை முதுகில் கட்டிக்கொண்டான். பிண்டா பிறந்ததிலிருந்து சேர்த்த வெயில் முழுவதும் ஸ்பெயின்காரர்களின் புனித அகஸ்டின் நகரத்துக்குச் சற்று முன்னால் தீர்ந்தது. அங்கே மோசே என்ற சின்ன ஊரின் மண்கோட்டையில் கறுப்புச் சிப்பாய் ஒருவன் காவல் நின்றிருந்தான். சுதந்திரம் அங்கேயும் இனாம் இல்லை. ஞானஸ்நானம் வாங்கவேண்டும், ஆண்கள் அரசருக்காகத் துப்பாக்கி பிடிக்கவேண்டும். ஹவா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மகளை இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை மட்டும் சிப்பாயைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

“நாளைக்கு அளவு எவ்வளவுண்ணே?” என்று ஐசக் கேட்டான்.

“வேல மலையாக் கெடக்கு. அளக்கத்தான் ஆள் கெடையாது,” என்று சிரித்தான் சிப்பாய்.

பனையோலைக் குடிசை ஒன்றைக் காட்டினார்கள். பிண்டா படுத்ததுதான் தெரியும். விடிகிற நேரத்தில் ஹவா வழக்கம்போல் பதறி எழுந்து, வயலுக்குக் கூப்பிடும் சங்குச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். சங்கு எதுவும் ஊதவில்லை. வாசலில் உட்கார்ந்து, மகள் மேல் ஈ உட்காராமல் ஓலையால் விசிறினாள். கிழக்கே கடலுக்கு மேல் எட்டிப் பார்த்த சூரியன் அந்த இடத்திலேயே நின்றது. ஊர்க்காரர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு அந்த இளவெயிலிலேயே மாவு இடித்தார்கள், வலையைப் பின்னி முடித்தார்கள், வேலி கட்டினார்கள். பிண்டா ஆசை தீரத் தூங்கி, சோம்பல் முறித்துக் கண்ணைத் திறந்த பிறகுதான் அன்றைக்கு அங்கே பொழுது ஏறியது.