அத்தானின் நாற்காலி உயர்ந்துகொண்டே போகிறது

1

இந்தக் கதை ஒரு குஷனிலிருந்து பிறந்தது. மனித குலத்தின் மேலுள்ள பேரன்பிலிருந்து பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் குஷன் என் மடியில் இருக்கிறது, பொய் சொல்ல விடமாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கூப்பிடுவதற்குள் முடித்தாக வேண்டும்.

"நோய் என்பது உடல் எழுதும் கவிதை—"

(அடித்தாயிற்று. இப்படி எழுதுகிறவர்களுக்குத் தனி வார்டு வேண்டும், உப்பில்லாச் சாப்பாட்டோடு.)

"ஒரு காலத்தில் அவர் மூன்று பேர் உட்காரும் சோபாவை ஒற்றை ஆளாக—"

(உண்மைதான். ஆனாலும் வேண்டாம். "ஒரு காலத்தில்" என்று தொடங்கினால் அந்த ஆள் கடைசிப் பக்கத்துக்குள் போய்விடுவார்.)

ஆகவே நேராக: அத்தான், என் அக்காவின் கணவர், சோபா நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பவர். பெருங்குடலில் புற்று. அடுத்த வாரம் ஆபரேஷன், இன்று அவர் ஐந்து முறை எழுந்து நின்றால்.

2

(கட்டுரைப் பகுதி. கொட்டாவி வருகிறவர்கள் தாண்டலாம்.)

கட்டியை எதிர்க்கிறேன் பேர்வழி என்று உடம்பு முழுக்க அழற்சியாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அந்தத் தீக்கு விறகு வேண்டாமா? தொடையிலும் முதுகிலும் இருக்கிற தசையை உருவிப் போடுகிறது. தராசு இதைக் காட்டிக்கொடுக்காது. கொழுப்பும் நீரும் அந்த இடத்தில் உட்கார்ந்து எடையைச் சரிக்கட்டிவிடும். பார்க்க வருகிறவர்கள், "ஆளு அப்படியே இருக்காரே!" என்று ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அதனால்தான் சோதனை. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ வேண்டும். முடியாவிட்டால் சில வாரம் பயிற்சி, புரதச் சாப்பாடு, அப்புறம்தான் கத்தி. "தசை இல்லாதவரை அறுத்தா காயம் ஆறுறது கஷ்டம். படுத்தவரு படுத்தவருதான்" என்றார் டாக்டர்.

3

போன வாரம் அத்தான் தன் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து காட்டினார். "எப்படி மாப்ளே?" அக்கா கைதட்டினாள். நான் கண் கலங்கி—

(பொய். அவர் மறுபடி உட்கார்ந்ததும் நான் பார்த்தது அவர் பாதங்களை.)

பாதங்கள் தரையைத் தொடவில்லை. அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் எழவில்லை, இறங்கியிருக்கிறார்.

அக்கா உள்ளே போனதும் குஷனை அமுக்கினேன்.

"கைய எடு மாப்ளே."

"உள்ள என்ன அத்தான், இன்னொரு நாற்காலியா?"

"எந்திரிக்க முடியாமப் போறப்பல்லாம் ஒரு அடுக்கு ஸ்பாஞ்சு வச்சேன். நாலு விரல் உசரம், அவ்ளோதான். உங்கக்காவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவா."

"டாக்டருக்கு?"

"டெஸ்ட் அன்னைக்கு நீ இதத் தூக்கிட்டு வா. எனக்கு மூலம், கெட்டி நாற்காலி ஆகாதுன்னு சொல்லிக்கிறேன்."

"குடல்ல கட்டிய வச்சுக்கிட்டு மூலத்தச் சாக்கு சொல்றதா?"

"ஒரே தெருதானே மாப்ளே, நம்புவாங்க."

சிரித்தேன். சிரித்தபடியே தலையையும் ஆட்டிவிட்டேன். வினை அங்கே.

(ஆனால் நாலு விரல் உயரத்துக்குக் கால் தொங்குமா? வாழ்நாளெல்லாம் இருக்கை அளந்தவர் கணக்கு தப்புமா? அத்தான் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான்.)

4

சற்று முன், இதே பெஞ்சில். அத்தான் கழிப்பறைக்குப் போயிருந்தார். அக்கா குஷனைத் தடவினாள்.

"அவருகிட்ட சொல்லிடாதடா. இதுக்குள்ள நானும் வச்சிருக்கேன்."

"என்னக்கா சொல்ற?"

"ஒரு அடுக்கு வைக்கலாம்னு அவரு தூங்குறப்போ பிரிச்சேன். பாத்தா, அவரே அடுக்கி வச்சிருக்காரு. தெரியாத மாதிரி மேல ரெண்டு சேத்துத் தச்சுட்டேன். மறுநாளு டக்குன்னு எந்திரிச்சு, 'பாத்தியா, தெம்பு வந்துருச்சு'ன்னாரு. அந்த மூஞ்சியப் பாத்தப்புறம் எப்படிடா திரும்ப எடுக்கிறது?"

"தையல் மாறினது அவருக்குத் தெரியாதா?"

"இப்போ அவரு தையலே என் தையல் மாதிரி கோணலாத்தான்டா இருக்கு."

5

முடிவு ஒன்று: குஷனைப் போடுகிறேன். ஐந்து முறை இறங்குகிறார். அடுத்த வாரம் ஆபரேஷன். மறுநாள் கட்டிலிலிருந்து அவர்— (எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: குஷனை ஒளிக்கிறேன். கெட்டி நாற்காலியில் முதல் முறையே பாதியில் நிற்கிறார், அக்கா கண்ணெதிரே. கத்தி காத்திருக்கும் வாரங்களில் கட்டி சும்மா இருக்குமா? "பொதுவா ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். எனக்கு அந்தப் "பொதுவா"தான் இடிக்கிறது.

முடிவு மூன்று: மூவரும் கட்டிக்கொண்டு அழுது, தெளிவு பெறுகிறோம். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எங்கள் குடும்பத்தில் நடக்காது.)

கதவு திறந்துவிட்டது. "அடுத்தவரு வரலாம், நாற்காலி போட்டாச்சு" என்கிறாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

அக்கா தோளைப் பிடித்து அத்தான் எழுந்துவிட்டார். "மாப்ளே, குஷன்." அக்கா சுவரைப் பார்க்கிறாள்.

நையாண்டி எழுதி, ஊதிப்போன பெரிய மனிதர்களின் காற்றைப் பிடுங்கிச் சோறு தின்றவன் நான். இதற்குக் கை வரமாட்டேன் என்கிறது. வாசகரே, நீங்கள் இத்தனை நேரமும் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? அவருக்கு நீங்கள் மச்சினனும் இல்லை, இவளுக்குத் தம்பியும் இல்லை. இந்தாருங்கள் குஷன், வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பீர்களோ, பெஞ்சுக்கடியில் தள்ளுவீர்களோ, உங்கள் பாடு.

சீக்கிரம். அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.